மழைக்கு ஒதுங்கிய ஹாக்கி

சுவா சூ காங்கில் குடியிருப்பவர்கள் மேற்கே வானத்தைப் பார்த்துப் பழகியவர்கள். தெங்கா பக்கம் கருத்துவிட்டால் கொடியில் கிடக்கும் துணியை உள்ளே இழுக்க இருபது நிமிடம்கூடக் கிடைக்காது. விளையாட்டரங்கில் மின்னல் எச்சரிக்கை ஒலிக்கும். ஓடுபாதையில் நடப்பவர்கள், திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகள், ஓரத்தில் பையைக் காவல் காக்கும் அம்மாக்கள் எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிடுவார்கள். விளையாட்டு மண்டபத்துக்குள் பூப்பந்து ஆடுபவர்கள் மட்டும் தலையைத் திருப்பவே மாட்டார்கள். அவர்களுக்கு மழையும் வெயிலும் ஒன்று.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி மின்னல் உண்டு. திடலில் விளையாடும் பிள்ளையை வைத்திருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். பயிற்சிக்குக் கட்டிய பணத்தில் எத்தனை வாரம் மழையில் போயிற்று என்பதும் தெரியும்.

அப்படி ஒரு சனிக்கிழமை. மகனின் காற்பந்துப் பயிற்சி அரை மணி நேரத்தில் கலைந்தது. நனைந்த காலணியோடு வீட்டுக்குப் போனால் திட்டு விழும் என்று, இரண்டு புளோக் தள்ளி இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம். மாமாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எழுபதுகளில் வார இறுதிகளில் பாலஸ்டியர் ரோட்டில் ஒரு கிளப்பின் இரண்டாம் அணிக்குப் பின்வரிசையில் ஹாக்கி ஆடியவர். எந்தக் கிளப் என்று எழுதினால் மற்றக் கிளப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்கிறார், எழுதவில்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய பழைய மல்பெரி மரத்து மட்டை இன்னும் நிற்கிறது. துணி காயப்போடும் மூங்கில் மாட்டிக்கொண்டால் தள்ளிவிட இப்போது பயன்படுகிறது.

அன்றைக்கு மகன் தொலைக்காட்சியில் எதையோ தேடப்போய், ஐரோப்பியக் கிளப் அணிகளுக்கான ஆடவர் உள்ளரங்க ஹாக்கிப் போட்டி ஒன்றின் காணொளி வந்து நின்றது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

"என்னடா இது, ஹாக்கின்னு சொல்லிட்டு கேரம் ஆடுறானுங்க?"

நானும் அதுவரை கவனித்ததில்லை. அவர் சொன்ன பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

உள்ளரங்க ஹாக்கியின் திடல் நீளவாக்கில் 36 முதல் 44 மீட்டர், அகலம் 18 முதல் 22 மீட்டர். சுமாராக 40-க்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஆடும் ஹாக்கித் திடல் 91.4-க்கு 55 மீட்டர். ஆக, பரப்பளவில் ஒரு பெரிய திடல் ஏறக்குறைய இதுபோல் ஆறு திடல்களுக்குச் சமம். ஓர் அணிக்குக் கோல்காப்பாளரையும் சேர்த்து ஆறு பேர்தான். பன்னிரண்டு பேர் கொண்ட அணியிலிருந்து ஆட்டத்தை நிறுத்தாமலே ஆளை மாற்றிக்கொண்டே இருக்கலாம். பத்து நிமிடமாக நான்கு கால்பகுதிகள். கோல் கம்பங்களுக்கு இடையே 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பந்து மட்டும் அதே பழைய கல் போன்ற பந்து.

இரண்டு நீளப் பக்கங்களிலும் கோட்டுக்குப் பதிலாகப் பலகை. பத்து சென்டிமீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் தடிமன், திடலைப் பார்த்து ஒரு சென்டிமீட்டர் சாய்வு. பந்து பக்கவாட்டில் வெளியே போகாது. பலகையில் பட்டு உள்ளே திரும்பும். இதைத்தான் மாமா கேரம் என்றார். எதிராளி நேர்வழியை அடைத்துக்கொண்டு நின்றால், கேரம் பலகையில் காயை ஓரத்தில் அடித்துத் திருப்பி எடுப்பதுபோல, பந்தைப் பலகையில் தள்ளி அவன் முதுகுக்குப் பின்னால் தன் ஆளுக்கு அனுப்புகிறார்கள். சாய்வை அளந்து தள்ளத் தெரிந்தவனுக்கு அந்தப் பலகை ஏழாவது ஆட்டக்காரன். தெரியாதவனுக்கு அது எதிரணியின் ஏழாவது ஆள்.

அடுத்த விதிதான் மாமாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிக்கவே கூடாது. மட்டையைப் பின்னால் வீசி அடித்தால் தப்பு. தள்ளலாம், சுண்டலாம். தரையை விட்டுத் தூக்குவதும் கூடாது. கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள்ளிருந்து கோலை நோக்கி அனுப்பும்போது மட்டும் தூக்கலாம். தரையில் விழுந்து கிடந்தபடியோ முழங்காலை ஊன்றியபடியோ பந்தைத் தொடக் கூடாது. ஆகவே ஆட்டக்காரர்கள் எல்லாரும் முதுகை வளைத்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை எடுக்க முடியாது. 91 மீட்டர் திடலில் ஒரு நல்ல நகர்வைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும். இங்கே தேநீரை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தால் ஒரு கோல் போய்விட்டிருக்கும். இரு பக்கமும் சேர்த்துப் பத்து கோல் விழுவது சாதாரணம்.

கடைசி நிமிடங்களில் ஒரு கூத்து நடக்கும். பின்தங்கியிருக்கும் அணி தன் கோல்காப்பாளரையே வெளியே கூப்பிட்டுவிட்டு, அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்கிவிடும். ஆறு பேரும் தாக்குவார்கள், பின்னால் கோல் திறந்து கிடக்கும். பந்து ஒரு முறை கைமாறினால் எதிரணிக்காரன் 35 மீட்டர் தொலைவிலிருந்து உருட்டிவிட்டாலும் பந்து ஓடும். ஆனால் கோலாகாது, வட்டத்துக்குள் போய்த்தான் அடிக்க வேண்டும். அதனால் எல்லாரும் திரும்பி ஓடுவார்கள். மகன் சோபாவில் எழுந்து நின்றது அந்த நேரத்தில்தான்.

"அவங்க யாரு தாத்தா? ஜெர்மனியா?"

இல்லை. அதுதான் இந்தப் போட்டியின் சங்கதி. நாட்டுக் கொடி எதுவும் இல்லை. ஓர் ஊரின் கிளப்பும் இன்னோர் ஊரின் கிளப்பும் மோதிக்கொள்கின்றன. ஜெர்மனியில் டிசம்பர் வந்தால் வெளித் திடல்கள் உறைந்துவிடும். ஹாக்கிக்காரர்கள் மட்டையை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் போவார்கள். உள்ளே ஆடும் மட்டை மெல்லியது, எடை குறைந்தது. பிப்ரவரி வரை லீக் ஆட்டங்கள் எல்லாம் உள்ளேதான். குளிருக்கு ஒதுங்கியவர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, 1950களில் ஜெர்மனியிலிருந்து அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் பரவியது. 1974-ல் பெர்லினில் ஐரோப்பிய நாடுகளுக்கான உள்ளரங்கப் போட்டி நடந்தது. 1990-லிருந்து கிளப்புகளுக்கென்று தனிக் கோப்பை. உலகக் கோப்பை பிறகுதான் வந்தது: 2003-ல், லைப்ஸிக் நகரில்.

கிளப் கோப்பையை ஜெர்மன் கிளப்புகளே பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பலகைகளைப் படித்தால் ஒன்று புரியும். கொலோன் நகரத்தின் ரோட்-வைஸ் 1906-ல் தொடங்கியது. முழுப்பெயரில் 'டென்னிஸ்-ஹாக்கிக் கிளப்' என்று இருக்கும். ஹாம்பர்க் நகரத்தின் ஹார்வெஸ்டஹூடரும் அப்படியே. அப்பா டென்னிஸ் ஆடுவார், அக்கா ஹாக்கி ஆடுவாள், பாட்டி வராந்தாவில் காப்பி குடிப்பார், சின்னவன் ஆறு வயதில் மட்டை பிடிப்பான். இருபது வயதில் அந்தச் சின்னவன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கிளப்புக்கு ஆடுவான். உலகத்தரத்து ஆட்டக்காரர்கள் பலரும் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கோ வகுப்புக்கோ போகிறவர்கள்.

இதைக் கேட்டதும் மாமா சொன்னார்: "நாங்களும் அப்படித்தானே இருந்தோம்."

உண்மைதான். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் பாலஸ்டியர் பக்கம் போனால் அந்தக் காலத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. 1923-ல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் சங்கம். அதன் கட்டடத்துக்கு 1950-ல் அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. 1928-ல் இலங்கைத் தமிழர்கள் உள்ளிட்டோர் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப். 1931-ல் சீக்கியர்கள் ஏற்படுத்திய கால்சா சங்கம். பாடாங்கின் ஒரு முனையில் 1852-லிருந்தே சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், மறுமுனையில் 1883-லிருந்து யுரேஷியர்களின் ரெக்ரியேஷன் கிளப். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கிளப் என்று பிரிட்டிஷ் காலம் பிரித்து வைத்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எல்லாரும் ஒரே புல்லில் மட்டையோடு நின்றார்கள். நல்லதா கெட்டதா என்று தனியாக விவாதிக்கலாம். அந்தப் புல்லிலிருந்துதான் சிங்கப்பூர் ஒலிம்பிக்குக்குப் போனது.

1956, மெல்பர்ன். சிங்கப்பூருக்கு அப்போது தன்னாட்சிகூட இல்லை. ஹாக்கியில் பன்னிரண்டு நாடுகள். சிங்கப்பூர் விழுந்த பிரிவில் இந்தியா, ஆப்கானிஸ்தான், அமெரிக்கா. ஆப்கானிஸ்தானை 5-0, அமெரிக்காவை 6-1 என்று வென்றோம். இந்தியாவிடம் 0-6.

அந்த 0-6-ஐப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு மாமாவிடம் ஒரு பதில் உண்டு. அதே இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 14 கோல் போட்டது, அமெரிக்காவுக்கு 16. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா மொத்தம் 38 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் தங்கத்தோடு திரும்பிய அணி. பல்பீர் சிங் தலைமையில் வந்த அணி அது. பட்டியலில் கோவிந்த் பெருமாள் என்ற பெயரும் உண்டு. பிரிவு ஆட்டங்களில் அவர்களை ஆறு கோலோடு நிறுத்தியது சிங்கப்பூர் மட்டும்தான். முடிவில் எட்டாம் இடம். மலாயா ஒன்பதாவது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் ஹாக்கி ஒலிம்பிக் வாசலை மிதித்ததில்லை.

அந்த அணியில் எட்வின் துரைசாமி இருந்தார். ஆறுமுகம் விஜயரத்தினம் இருந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விஜயரத்தினம் ஹாக்கி, காற்பந்து, கிரிக்கெட், ரக்பி என நான்கு விளையாட்டுகளில் சிங்கப்பூரைப் பிரதிநிதித்த ஒரே மனிதர். ஹாக்கி அவருடைய வேலை அல்ல. வேலை துறைமுகத்தில், பொறியாளராக. பின்னாளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைவேந்தராகவும் இருந்தார். 2016-ல், 94 வயதில் மறைந்தார். அவரோடு ஆடிய ரூடி மோஸ்பெர்கன் ஆசிரியர், பிறகு ராஃபிள்ஸ் தொடக்கக் கல்லூரியின் முதல் முதல்வர். அஜித் சிங் கில்லும் ஆசிரியர். வேலை முடிந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, திடலுக்கு ஓடியவர்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பிறகு என்ன ஆயிற்று?

ஒரே காரணம் சொல்ல முடியாது. கிளப்புகளுக்குப் போகும் பழக்கம் குறைந்தது, நகரம் திடல்களைத் தின்றது, பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டுகள் வந்தன. ஆனால் ஒரு காரணத்தை எல்லா நாட்டுப் பழைய ஹாக்கிக்காரர்களும் சொல்வார்கள்: செயற்கைத் தரை. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி புல்லிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறியது. அதுவரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் பதக்க மேடையில் நின்ற இந்தியா அந்த ஆண்டு ஏழாவது. கரடுமுரடான புல்லில் குதிக்கும் பந்தை மட்டையால் அடக்கி நிறுத்துவதே ஒரு கலையாக இருந்தது. புதுத் தரையில் பந்து குதிக்கவே இல்லை. கலை தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றாகிவிட்டார்கள் என்று மாமா இன்றும் குறைபட்டுக்கொள்வார். இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். வேகமும் கூட்டாட்டமும் புதுத் தரையில் வேறொரு கலையாக வளர்ந்தன.

மறுக்க முடியாத பாதி வேறு. புல் எங்கேயும் இருந்தது. பள்ளித் திடலில், பட்டாளத் திடலில், பாடாங்கில். இரண்டு கம்பம் நட்டால் ஹாக்கித் திடல். செயற்கைத் தரை அப்படி அல்ல. பணம் வேண்டும், பராமரிப்பு வேண்டும், இடம் வேண்டும். சிறிய தீவில் அது விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் அமையும். 2010 இளையர் ஒலிம்பிக்கும் 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியும் நடந்த செங்காங் ஹாக்கி அரங்கம் நல்ல அரங்கம். ஆனால் சுவா சூ காங்கிலிருந்து அங்கே போய்ப் பாருங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரு முறை மாற வேண்டும், ஊட்ரம் பார்க்கில் மறுமுறை மாற வேண்டும், பிறகு வடகிழக்குப் பாதையில் ஏறக்குறைய கடைசிவரை. வாசலில் இறங்கியபின் நடை வேறு. மட்டைப் பையோடு ஒரு பத்து வயதுப் பிள்ளை, போகவர இரண்டரை மணி நேரம், ஆடுவது ஒன்றரை மணி நேரம். நடுவில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் அதுவும் இல்லை. அதே சனிக்கிழமையில் தமிழ்த் துணைப்பாடம், கணிதத் துணைப்பாடம், தாத்தாவின் பிறந்தநாள். எந்த அம்மா ஒப்புக்கொள்வார்?

இந்த இடத்தில்தான் அந்த மண்டபம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

உள்ளரங்க ஹாக்கியின் உலகப் பட்டியலைப் பாருங்கள். முதல் மூன்று உலகக் கோப்பைகளை ஜெர்மனி ஆடவர் வென்றார்கள், 2015-ல் நெதர்லாந்து. எதிர்பார்த்ததுதான். ஆனால் 2018-ல் பெர்லினில், ஜெர்மானியர்களின் சொந்த வீட்டில், கோப்பையை வாங்கியது ஆஸ்திரியா. 2023-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மறுபடியும் ஆஸ்திரியாவே. வெளித்திடல் ஹாக்கியில் ஆஸ்திரியாவை முன்வரிசையில் யாரும் எண்ணுவதில்லை. 2018-ல் வெண்கலம் யாருக்கு? ஈரானுக்கு. ஆசியாவின் உள்ளரங்க ஹாக்கியில் நீண்ட காலமாகக் கோலோச்சும் அணி. வெளித்திடலில் இந்தியாவும் பாகிஸ்தானும் கண்ட புகழில் ஈரானுக்குப் பங்கில்லை. பெரிய திடலில் இடமில்லாதவர்கள் சின்னக் கூரைக்குக் கீழே ராஜாவாகியிருக்கிறார்கள்.

நம் வட்டாரமும் இதைப் பார்க்காமல் இல்லை. 2017-ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் உள்ளரங்க ஹாக்கி இடம்பெற்றது. சிங்கப்பூரும் களம் இறங்கியது. 2019-ல் பிலிப்பீன்சிலும் இருந்தது. தரை புதிது, கூரை புதிது, ஆட்டம் பழையது.

திடலுக்குத் தேவை 40-க்கு 20 மீட்டர். ஹேண்ட்பாலுக்கும் அதே அளவு. நம் பள்ளிப் பிள்ளைகள் உயிரை விடும் ஃபுளோர்பாலுக்கும் அதே அளவு. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு விளையாட்டு மண்டபம் உண்டு, பல பள்ளிகளிலும் உள்விளையாட்டு மண்டபம் உண்டு. செங்காங்குக்குப் போகவர ஆகும் இரண்டரை மணி நேரம், பத்து நிமிட நடையாகச் சுருங்கிவிடும். அடித்து ஆடுவது இல்லை என்பதால் பந்து முகத்தில் பாயும் பயமும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். கோலை நோக்கி வரும் பந்து தூக்கித்தான் வரும், பல்லைக் காக்கும் உறை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

இதை மாமாவிடம் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக உடைத்தார்.

"பலகையை எங்கடா வெப்ப?"

நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது மீட்டர், ஆக எண்பது மீட்டர் பலகை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து, அடுக்கி, ஆடி முடித்துக் கழற்றி, எங்கேயாவது வைக்க வேண்டும். ஃபுளோர்பாலுக்குத் திடலைச் சுற்றி அரை மீட்டர் உயரப் பலகை தேவைப்படுகிறது, அதற்கு இடம் கிடைத்ததே என்றேன். அது பள்ளிக்கூடம், வாத்தியார் இருக்கார், பிள்ளைகளை வைத்து அடுக்கிடுவார், பொது மண்டபத்தில் யார் அடுக்குவார்கள் என்றார்.

"பூப்பந்துக்காரன் விடுவானா?"

விடமாட்டான். ஒரு பூப்பந்து ஆடுகளம் 13.4-க்கு 6.1 மீட்டர். ஒரு ஹாக்கித் திடல் போட்டால் அந்த நேரத்துக்கு மண்டபத்தின் பூப்பந்துக் களங்கள் அனைத்தும் போய்விடும். முன்பதிவு திறந்த சில நொடிகளில் களங்கள் தீர்ந்துபோகும் ஊர் இது. பன்னிரண்டு பேர் ஆடுவதற்காக முப்பது பேரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கைப்படி பார்த்தால் பூப்பந்துக்காரர் பக்கம்தான் நியாயம்.

"ஒலிம்பிக்ல இருக்கா?"

இல்லை. உள்ளரங்க ஹாக்கிக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. ஐவர் ஆடும் இன்னொரு சிறு வடிவத்துக்காவது இளையர் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 2018-ல் புவனோஸ் ஐரிஸில் நடந்த இறுதியாட்டத்தில் மலேசியப் பையன்கள் இந்தியாவை 4-2 என்று வென்றார்கள். பதக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணமும் போகும் என்று மாமா சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"அப்புறம் ஓடாம என்னடா ஹாக்கி?" என்று முடித்தார். இதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். வலது முழங்கால் போனதால்தானே உங்கள் ஹாக்கி முப்பத்தெட்டு வயதில் நின்றது என்று. அத்தை சமையலறையிலிருந்து சிரித்தார்.

இரண்டு பேரும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவின் கிளப்புகள் ஒரு நாளில் இந்தக் கோப்பை அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. குளிரில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பலகையைத் தோளில் தூக்கி வந்து, ஆடி முடித்துத் தரையைத் துடைத்துவிட்டுப் போன சாதாரண உறுப்பினர்கள்தான் வளர்த்தார்கள். பாலஸ்டியரில் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்துக் கிளப்பிடம் கம்பம் கடன் வாங்கிய மாமாவின் தலைமுறையும் அதைத்தான் செய்தது. நல்ல திடலும் நல்ல மண்டபமும் நமக்கு இப்போது கிடைக்கின்றன, கட்டணம் கட்டினால் போதும். தோளில் பலகையைத் தூக்க யார் வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம், மாதம் இரண்டு முறை, ஒரு பேட்டையிலிருந்து பன்னிரண்டு பேர். ஒரு கிளப் தொடங்க அவ்வளவு போதும். முன்பு மட்டை பிடித்த அப்பாக்களும், தேசிய சேவை முடித்துவிட்டு வார இறுதியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும், பள்ளியில் ஃபுளோர்பால் ஆடிவிட்டு வேலைக்குப் போனதும் நிறுத்திய பெண்களும் நம் புளோக்கிலேயே இருக்கிறார்கள். மின்தூக்கியில் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வதோடு சரி.

மழை விட்டபோது ஆறரை ஆகிவிட்டது. கிளம்பும்போது மகன் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த மல்பெரி மட்டையை எடுத்தான். அவன் தோள் உயரம் இருந்தது. மாமா வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சாக்ஸ் ஒன்றைச் சுருட்டிப் பந்தாக்கி, வரவேற்பறைத் தரையில் வைத்தார். சுவரோரத்துக் கீழ்ச்சட்டத்தைக் காட்டினார்.

"அடிக்காத. தள்ளு. அங்க படணும், இங்க வரணும்."

முதல் தள்ளல் காலணி அடுக்கில் போய் நின்றது. இரண்டாவது அத்தையின் துளசித் தொட்டியில். மூன்றாவது முறை பந்து சட்டத்தில் பட்டுத் திரும்பி, நாற்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து, மாமாவின் செருப்பைத் தொட்டு நின்றது. அவர் குனிந்து அதை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

"இன்னொரு தடவ," என்றார்.